எடையில்லாத சிரட்டை

கோபக்காரர்கள் மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. யாரோ ஒரு கோபக்காரன்தான் அதைக் கிளப்பிவிட்டிருக்க வேண்டும். நானும் கோபக்காரன்தான், எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்பில் என் குடையை எடுத்துக்கொண்டு போனவன் இன்று ஒரு வங்கியில் மேலாளர். அந்த வங்கி இருக்கும் தெரு வழியாகக்கூட நான் போவதில்லை. (போனால் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து டீ தருவான். அப்புறம் இத்தனை வருஷக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?) அப்படி நான் சேர்த்து வைத்திருப்பவற்றில் முதல் இடம் என் மச்சானுக்கும், அவர் வாங்கிப் போட்ட எடை மேடைக்கும். இரண்டும் இன்றுவரை நல்ல ஓட்டத்தில் இருக்கின்றன.

மச்சான் என்றால் என் மனைவி ஷைனியின் அண்ணன் கிறிஸ்துதாஸ். மார்த்தாண்டத்துக்கும் களியக்காவிளைக்கும் நடுவே, நெடுஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அவருக்கு ஒரு கரிக் கம்பெனி. சிரட்டையைச் சுட்டுக் கரியாக்கி, நொறுக்கி, சலித்து, சாக்கில் அடைத்து ஏற்றுமதிக்காரர்களுக்கு அனுப்புவார். (சிரட்டை என்றால் தேங்காய் ஓடு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் போனால் கொட்டாங்குச்சி என்பார்கள். இத்தனூண்டு ஓட்டுக்கு அவ்வளவு நீளமான பெயர் எதற்கு என்று எனக்கு அதிலும் கோபம் உண்டு.) நான் ஒரு பழைய டிப்பர் லாரி வாங்கி, கணவாய்க்கு அந்தப் பக்கத்துக் கொப்பரைக் களங்களில் சிரட்டை சேர்த்து மச்சானுக்குக் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டுக்கு மருமகனாக வருகிறவன் அரசாங்க வேலையில் இருக்க வேண்டும், அல்லது வளைகுடாவில் இருக்க வேண்டும். நான் இரண்டிலும் இல்லை. மாப்பிள்ளை என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் என் மாமனார் தொண்டையைச் செருமிக்கொண்டு "டிரான்ஸ்போர்ட்" என்பார். அந்த டிரான்ஸ்போர்ட்டுக்குப் பின்பக்க லைட்கூட எரியாது. ஆனால் ஒன்று மட்டும் எனக்கு இருந்தது. செல்வின் கொண்டுவரும் லோடில் கல் இருக்காது, தண்ணீர் இருக்காது, எடை குறையாது என்று அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். மாமியார் ஒருமுறை பக்கத்து வீட்டு அம்மாளிடம், "வருமானம் கம்மிதான், ஆனா நேரானவரு" என்று சொன்னதை நானே என் காதால் கேட்டேன். முதல் பாதியை மறந்துவிட்டு இரண்டாம் பாதியை வைத்துத்தான் அந்த வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தேன்.

அதுவரை கம்பெனியில் சிரட்டையைக் கடவம் என்கிற பெரிய ஓலைக் கூடையில் அள்ளி, கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுத்தார்கள். ஒரு லோடு நிறுத்து முடிக்க ஒரு பகல் போகும். ஒவ்வொரு கடவத்துக்கும் ஒரு சண்டை. கடவத்தின் எடையைக் கழித்தாயா, முள் நின்றதா, நீ ஏன் கயிற்றைத் தொட்டாய் என்று கத்திக் கத்தியே எனக்குத் தொண்டை கட்டும். அது ஒன்றும் பொற்காலம் இல்லை. சனியன் ஒழிந்தால் போதும் என்றுதான் நானும் இருந்தேன்.

அப்போதுதான் மச்சான் கோயம்புத்தூரில் ஏதோ இயந்திரக் கண்காட்சிக்குப் போய் வந்தார். போகும்போது மனுஷனாகப் போனவர், வரும்போது விளம்பரத் தாளாக வந்தார். சாப்பாட்டு மேஜையில் வழவழப்பான படங்களைப் பரப்பி எங்களுக்குப் பாடம் நடத்தினார். சக்கரம் வைத்த பெல்ட். எங்கே வேண்டுமானாலும் தள்ளிக்கொண்டு போய்ச் சிரட்டையை மேலே ஏற்றலாம். சாக்கு நிரப்பும் தொட்டி. கரி சரியான எடைக்கு வந்ததும் தானே வாயை மூடிக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் மேலாக எடை மேடை; லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தினால் பெரிய சிவப்பு எழுத்தில் எடையைக் காட்டும்.

"இனிமே ஒருத்தன் வாக்கும் வேண்டாம் மாப்பிள" என்றார் மச்சான். "மனுஷன் பொய் சொல்லுவான். மெஷின் சொல்லாது. அது சொல்லும், நாம கேட்டா போதும்."

"சாக்குத் தொட்டிக்கு உள்ள அறிவு உனக்கு இல்லியே அண்ணா" என்றாள் ஷைனி. "அது போதும்ன்னா வாயை மூடுதே." நான் சிரித்தேன். அதுதான் அந்த மெஷின்களைப் பற்றி நான் கடைசியாகச் சிரித்தது.

மேடையைக் கம்பெனி வாசலிலேயே போட்டார்கள். உள்ளே வருகிற வண்டியும் வெளியே போகிற வண்டியும் அதன் மேல் ஏறித்தான் ஆகவேண்டும். ஒரு சிரட்டைகூட எடை போடாமல் தப்பக்கூடாது என்பது மச்சானின் திட்டம். பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறை. அறைக்கு மேலே கம்பத்தில் சிவப்பு எழுத்துப் பலகை. எங்கள் பக்கத்தில் வீடு, கடை, தையல் மெஷின், ஆட்டோ, எது புதிதாக வந்தாலும் போதகரை அழைத்து ஜெபம் பண்ணாமல் தொடமாட்டோம். அதனால் ஒரு சனிக்கிழமை பிரதிஷ்டை வைத்தார்கள். ஜெபம், பிறகு பிரியாணி, பிறகு முதல் லோடு. முதல் லோடு என்னுடையதாக இருக்க வேண்டும் என்று மாமியார் சொல்லியிருந்தார். அதை நினைத்து முந்தின நாள் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. கணவாய்க்கு அந்தப் பக்கமே காசு கொடுத்து ஒரு பொது எடை மேடையில் லோடை நிறுத்து, சீட்டு வாங்கி, லாரியைக் கழுவி, தோவாளையில் இரண்டு கேந்தி மாலை வாங்கி முன்னால் கட்டிக்கொண்டு வந்தேன்.

கரிக் கம்பெனி முற்றம் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மண்ணே கறுப்பு. வந்திருந்தவர்களோ எங்கள் சபை ஆட்கள். விசேஷம் என்றால் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெளிர் பட்டுப் புடவை என்று வந்து நிற்பவர்கள். காரிலிருந்து இறங்கினவர்கள் எல்லாரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுத்தமான இடம் எங்கே என்று பார்த்தார்கள். அந்த வளாகத்திலேயே சுத்தமான இடம் ஒன்றே ஒன்றுதான். புதுப் பெயின்ட் மினுங்க, கார்கள் உள்ளே வந்த பிறகு பெருக்கி மேலே சிவப்பு விரிப்புப் போட்ட எடை மேடை. போதகர் முதலில் ஏறினார். ஜெபமே அதற்குத்தானே, எல்லாரும் பக்கத்தில் வாருங்கள் என்றார். மாமனார், மாமியார், மச்சான், மச்சானின் மனைவி, அவர்களுடைய ஐந்து வயது மகள் ஜெனி, சபைக் கமிட்டிக்காரர்கள், அவர்கள் வீட்டுப் பெண்கள், ஷைனி, நான் என்று கிட்டத்தட்ட முப்பது பேர் மேலே ஏறி நின்றோம். வேலை செய்யும் பெண்கள் மட்டும் கீழே நின்றார்கள். அவர்களுக்குக் கரி பழக்கம்.

மேடையைப் பொருத்த வந்திருந்த கோயம்புத்தூர் தம்பி கண்ணாடி அறைக்குள் இருந்தான். போதகர் ஆமென் சொன்னதும் சுவிட்சைப் போட வேண்டும், பலகை பளிச்சென்று எரிய வேண்டும் என்று மச்சான் அவனிடம் சொல்லிவைத்திருந்தார். பாட்டு முடிந்து ஜெபம் தொடங்கியது. நல்ல நீளமான ஜெபம். ஏற்றுமதி வரைக்கும் போய், டாலருக்காகவும் கொஞ்சம் மன்றாடிவிட்டுத் திரும்பி வந்தது. பாதியில் அந்தத் தம்பி அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். எங்களையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கையைத் தூக்கினான்.

"ஏனுங்க சார், எல்லாருமே கொஞ்சம்..."

ஜெபத்துக்கு நடுவில் பேசுகிறானே என்று எனக்குச் சுருக்கென்று ஏறியது. (நானும் கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தேன் என்பது இதில் தெரிந்துவிடுகிறது. பரவாயில்லை.) வாயில் விரலை வைத்து, கண்ணை உருட்டி, ஒரு தலையாட்டலில் அவனை உள்ளே விரட்டினேன். மாமியார் அதைக் கவனித்து மெச்சினார் என்றுகூட எனக்கு ஒரு நினைப்பு. போதகர் ஆமென் சொன்னார். பலகை எரிந்தது. பெரிய சிவப்புப் பூஜ்யம். எல்லாரும் கைதட்டினோம். ஒரு பூஜ்யத்துக்கு அவ்வளவு கைதட்டல் விழுந்ததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

உடனே பிரியாணி வாசனை எல்லாரையும் பந்தலுக்கு இழுத்துக்கொண்டு போனது. போன வேகத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என்னையும் கூப்பிட்டார்கள். "மொதல்ல லோடு, பொறவு சோறு" என்று சொல்லிவிட்டு, வெளியே சாலையோரம் நின்ற என் லாரிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். மருமகனின் கடமையுணர்ச்சியை நாலு பேர் பார்க்கட்டும் என்ற எண்ணம். ஒருவரும் பார்க்கவில்லை. இரண்டு பந்தி முடிந்தது. பசி வந்தால் என் கோபம் பாதி வழி தானாகவே வந்து நிற்கும் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

கடைசியில் மச்சான் பல் குத்திக்கொண்டே வந்து கையசைத்தார். விரிப்பை எடுக்கச் சொல்லி, லாரியை மெல்ல மேடையில் ஏற்றி நிறுத்தினேன். சபையார் எல்லாரும் வெற்றிலை பாக்குடன் வந்து சுற்றி நின்றார்கள். எண்கள் ஓடி நின்றன. பதினோராயிரத்து நூறு. நான் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினேன். அதில் பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது.

மச்சான் சீட்டைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி சீட்டைப் பார்த்தார்.

"ஆயிரத்தி அறுநூறு கிலோவுக்கு மேல கொறையுதே மாப்பிள."

"உங்க மெஷின்ல ஏதோ கோளாறு மச்சான்."

"இப்பத்தான் ஜெபிச்சு ஆரம்பிச்ச மெஷின். அதுல என்ன கோளாறு?"

"அப்ப என் லோடுலயா கோளாறு?"

"நான் அப்படிச் சொல்லல்ல. வழியில எங்கயாவது நிறுத்தினியா?"

"டீ குடிக்க நிறுத்தினேன். ஆயிரத்தி அறுநூறு கிலோவுக்கு டீ குடிச்சேன்னு வச்சுக்கிடுங்க."

சிலர் சிரித்தார்கள். அதுதான் வினை. சபையார் முன்னால் தன்னைக் கிண்டல் செய்துவிட்டேன் என்று மச்சானின் முகம் மாறியது. 'மாப்பிள' அந்த இடத்தோடு காணாமல் போனது.

"ஏலே செல்வின், ஆரல்வாய்மொழி காத்துல பறந்து போச்சுன்னு சொல்லப்போறியா? இல்ல களியக்காவிளை தாண்டி கேரளாவுக்குப் போய் கால்வாசிய எறக்கிட்டு வந்தியா? அங்கத்த வெலை எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?"

"மச்சான், கண்ணால பாருங்க. லோடு கும்பாரமா நிக்குது. எறக்கியிருந்தா குழி இருக்காதா?"

"மேல கும்பாரம்தான். உள்ள பொள்ளையா அடுக்கியிருப்ப. அடியில கள்ளத்தட்டு வச்சு ஓட்டுத ஆளுகள நான் பாத்தது இல்லியா? மெஷின் பொய் சொல்லாதுல. களவு பண்ணுதவன்தான் பொய் சொல்லுவான்."

களவு. மாமியார் நிற்கிறார், போதகர் நிற்கிறார், கீழே வேலை செய்யும் பெண்கள் நிற்கிறார்கள். எந்த ஒரு சொல்லை வைத்து நான் அந்த வீட்டுப் படியேறிக்கொண்டிருந்தேனோ, அது அங்கேயே செத்துவிட்டது. என் உடம்பெல்லாம் எரிந்தது. இன்று இதை எழுதும்போதும் எரிகிறது. அந்த ஆள் என்னோடு பழகியது இரண்டு வருஷம். அந்தப் பலகை எரிய ஆரம்பித்து இரண்டு பந்தி நேரம்தான் ஆகியிருந்தது. அவர் அதை நம்பினார்.

மாமனார் குனிந்து, வேட்டியின் கரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

இப்போது நிதானமான ஒருவன் என்ன செய்திருப்பான்? லோடை உள்ளே இறக்கிவிட்டு, காலி லாரியை மறுபடி மேடையில் ஏற்றியிருப்பான். வண்டிப் புத்தகத்தில் போட்டிருக்கும் காலி எடையைவிட அதிலும் அதே அளவு குறைந்திருக்கும். எங்கே கோளாறு என்று அஞ்சு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். நான் நிதானமானவன் இல்லை. பட்டினி வேறு. "கள்ளத்தட்டா? பாருங்க" என்று கத்திக்கொண்டு ஏறி, லாரியை மேடையின் முன் விளிம்பு வரைக்கும் நகர்த்தி, பெட்டியைத் தூக்கும் விசையை இழுத்தேன்.

கர்த்தரின் கிருபை, மாலை கட்டினது முன்பக்கம். டிப்பரின் பெட்டி எழும்ப எழும்ப, மொத்தச் சிரட்டையும் சடசடவென்று சரிந்து மேடையின் மேலேயே மலைபோலக் குவிந்தது. சுற்றி நின்றவர்கள் வேட்டியைத் தூக்கிக்கொண்டு சிதறினார்கள். நான் இறங்கி ஓடிவந்து காலிப் பெட்டியைக் கையால் தட்டிக் காட்டினேன்.

"தட்டு எங்க? கள்ளத்தட்டு எங்க? எடுத்துக் காட்டுங்க பாப்போம்."

மச்சான் பெட்டியைப் பார்க்கவேயில்லை. பலகையைப் பார்த்தார். அதில் அதே பதினோராயிரத்து நூறு. சிரட்டை லாரியில் இருந்தால் என்ன, மேடையில் இருந்தால் என்ன, எல்லாம் அதே மேடைக்கு மேல்தானே. ஆனால் அவர் என்னவோ சாட்சி கிடைத்தவர்போலக் கையை நீட்டினார்.

"பாத்தியளா? கொட்டின பொறவும் அதே கணக்குதான் சொல்லுது. ஒரு கிலோ மாத்திச் சொல்லல்ல. மெஷின் உறுதியா நிக்குது."

லாரியை முன்னால் எடுத்து முற்றத்தில் நிறுத்தினேன். இனி இந்த இடத்தில் ஒரு நிமிஷம் நிற்கக்கூடாது, ஷைனியைக் கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும், இந்த ஆயுசில் இந்தப் பக்கம் திரும்பக்கூடாது என்று முடிவெடுத்துச் சாவியைத் திருகும்போதுதான் விஷயம் உறைத்தது. வெளியே போக ஒரே வழி எடை மேடை. மேடை மேல் ஆளுயரச் சிரட்டை. கோபித்துக்கொண்டு போகவும் வழியில்லாமல் வழியை மறித்துவைத்தவன் நானேதான். என் லாரி மட்டும் இல்லை, உள்ளே நின்ற பதினைந்து காரும் மாட்டிக்கொண்டன. அதில் ஒன்று போதகருடையது. அவருக்கு மூன்று மணிக்கு வேறொரு சபையில் கல்யாணம் நடத்த வேண்டும்.

"தம்பிமாரே, சண்டையைப் பொறவு வச்சுக்கிடுவோம். இப்ப அள்ளுவோம்" என்று போதகர் அங்கியைத் தூக்கி இடுப்பில் சொருகினார். அதற்குமேல் யார் சும்மா நிற்பது? சக்கரம் வைத்த புது பெல்ட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். மண்வெட்டியும் கடவமும் வந்தன. வேலை செய்யும் பெண்கள் பண்டிகைப் புடவையோடு இறங்கினார்கள். கமிட்டிக்காரர்கள் வெள்ளைச் சட்டைக் கையை மடித்தார்கள். பெல்ட் நல்ல சாமானம்தான், அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் அதன் வேகம் எங்களுக்குப் பழக்கமில்லை. மேலே போன சிரட்டை குவியாமல் பறந்து போய், கமிட்டிச் செயலாளரின் கார் கூரையில் விழுந்தது. அவர் ஒவ்வொரு சத்தத்துக்கும் என்னைத்தான் பார்த்தார், மச்சானைப் பார்க்கவில்லை. அரைமணி நேரத்தில் வெள்ளை என்று சொல்ல ஒருவரிடமும் எதுவும் மிச்சமில்லை. நான் யாரோடும் பேசாமல், இரண்டு ஆள் வேலையை ஒரு ஆளாக, ஒவ்வொரு மண்வெட்டியும் மச்சானின் தலையில் விழுவதாக நினைத்துக்கொண்டு அள்ளினேன்.

மச்சான் மட்டும் அள்ளவில்லை. பலகைக்கு நேரே நின்று எண் இறங்குவதை வாசித்துக்கொண்டிருந்தார். நாலாயிரம். மூவாயிரம். ஆயிரம். அப்புறம் அவர் வாசிப்பது நின்றது. நான் நிமிர்ந்து பார்த்தேன்.

பலகையில் பூஜ்யம். மேடை மேலோ இன்னும் இடுப்பளவு சிரட்டை.

எல்லாரும் கையை நிறுத்தினார்கள். குவியலைப் பார்த்தார்கள், பூஜ்யத்தைப் பார்த்தார்கள். இப்போதாவது அந்த ஆளுக்குப் புரியும் என்று நினைத்தேன். மச்சான் குவியலைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குனிந்து ஒரு சிரட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு எல்லாரும் கேட்கும்படி சொன்னார்:

"இதுதான் விசயம். எடை இல்லாத சிரட்டையாப் பாத்து ஏத்திக்கிட்டு வந்திருக்கான்."

படித்த மனுஷன். சபைக் கமிட்டியில் பொருளாளர். அவர் வாயிலிருந்து அது வந்தது.

ஷைனி குவியலிலிருந்து ஒரு சிரட்டையை எடுத்தாள். நல்ல கனமான, மூன்று கண்ணும் உள்ள பாதி. குறி பார்த்து வீசினாள். அது அண்ணனின் நெற்றியில் டக்கென்று பட்டு விழுந்தது.

"எடை இருக்கா அண்ணா?" என்று கேட்டாள். "இல்ல இன்னொண்ணு எறியட்டா?"

மச்சான் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார். மாமியார்தான் முதலில் அசைந்தார். "அந்தக் கோயம்புத்தூர்ப் பையன எங்க? அவனக் கூப்பிடுங்க" என்றார். அவன் ஆபீஸ் அறையில் ஏசியைப் போட்டு, பிரியாணிக்குப் பிறகு வருகிற தூக்கத்தில் இருந்தான். எழுப்பிக்கொண்டு வந்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு பலகையைப் பார்த்தான், சிரட்டையைப் பார்த்தான், சிரித்துவிட்டான்.

"மீதியையும் அள்ளிருங்க, காட்டறேன்" என்றான்.

அள்ளினோம். கடைசிக் கடவம் போய், மேடையைத் துடைப்பத்தால் பெருக்கினபோது பலகையில் ஆயிரத்து அறுநூற்று நாற்பது என்று நின்றது. அதற்கு முன்னால் ஒரு சின்னச் சிவப்புக் கோடு. கழித்தல் குறி.

"காலையில சாமி கும்பிடறப்ப யாரெல்லாம் மேல நின்னீங்களோ, அல்லாரும் ஏறுங்க" என்றான் தம்பி. போதகர் கல்யாணத்தையும் மறந்து ஏறினார். கமிட்டிக்காரர்கள் ஏறினார்கள். பெண்கள் ஏறினார்கள். ஒவ்வொருவராக ஏற ஏற, கழித்தல் குறைந்துகொண்டே வந்தது. மாமனார் ஏறும்போது அறுபத்தைந்து கழிந்தது. நான் ஏறினேன், எண்பது கழிந்தது. மச்சான் மட்டும் கீழே நின்றார்.

"ஏறுலே" என்றார் மாமியார்.

அவர் ஏறினார். பலகை பூஜ்யத்தைத் தாண்டி, இருபது என்று நின்றது.

"மெஷின் ஆன் ஆகறப்ப மேல என்ன இருந்தாலும் அதையே பூஜ்யம்னு எடுத்துக்குமுங்க" என்றான் தம்பி. "உங்க அல்லாருத்தையும் சேத்து ஒண்ணுமில்லைன்னு எடுத்துக்கிச்சு. அப்புறம் ஏறுன லோடுல இருந்து உங்க எடையைக் கழிச்சுருச்சு. அவ்வளவுதானுங்க."

"அப்ப அந்த இருபது?" என்று கேட்டார் செயலாளர், தன் கார் கூரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"அது பிரியாணி" என்றாள் ஷைனி. "இஞ்ச பாருங்க, எங்க வீட்டுக்காரரு மட்டும்தான் இன்னும் சாப்பிடல்ல."

ஆக, நான் களவாண்டதாகச் சொன்ன ஆயிரத்து அறுநூற்று நாற்பது கிலோவில் போதகர் இருந்தார், மாமியார் இருந்தார், களவு என்று சொன்ன மச்சான் இருந்தார். நானும் இருந்தேன். என்னை நானே களவாடிக்கொண்டு களியக்காவிளை தாண்டி விற்றுவிட்டேன் என்று அந்த ஆள் சபையார் முன்னால் சொல்லியிருக்கிறார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மன்னிப்புக் கேட்கட்டும் என்று காத்திருந்தேன். மச்சானின் வாய் திறந்தது. கேட்டுவிடுவார் போலத்தான் இருந்தது.

அந்தத் தம்பிக்கு அப்போதுதான் தன் மேல் பழி வந்துவிடுமோ என்று தோன்றியிருக்க வேண்டும். "நான் அப்பவே சொல்ல வந்தேனுங்க" என்று கையை நீட்டினான். "இந்தச் சார்தான் வாயில வெரல வெச்சு, முறைச்சு, உள்ள போகச் சொன்னாரு."

முப்பது பேரும் என்னைப் பார்த்தார்கள். மச்சானின் வாய் மூடியது. மறுபடி திறந்தபோது அதில் வேறு வார்த்தை இருந்தது.

"அப்ப தப்பு உம்மேலதான மாப்பிள?"

அவ்வளவுதான். 'மாப்பிள' திரும்பி வந்துவிட்டது, மன்னிப்பு வரவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், போதகர் உட்பட. மாமனார் என் தோளில் தட்டினார். ஆறிப்போன பிரியாணியை ஷைனி தட்டில் போட்டுக்கொண்டு வந்து கையில் தந்தாள். நான் சாப்பிட்டேன். சாப்பிடாமல் வைராக்கியமாக இருந்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் தோன்றும், ஆனால் நல்ல பசி. அந்தத் தம்பி மேடையைக் காலி பண்ணச் சொல்லி, உள்ளே போய் ஒரு பொத்தானை அழுத்தினான். பலகை ஒழுங்காகப் பூஜ்யத்துக்கு வந்தது.

பொத்தானை அழுத்தி மேடையைச் சரிபண்ணிவிட்டார்கள். என்னைச் சரிபண்ண ஒருவரும் இல்லை. அன்றைக்கு எல்லாவற்றையும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயது ஜெனி, மறுநாள் வீட்டுக்குப் போனபோது ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டு, "கள்ள மாமா வந்தாச்சு" என்றாள். வீடே விழுந்து விழுந்து சிரித்தது. குழந்தை சொல்லுக்குக் கோபப்பட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். அது பெயராகவே ஒட்டிக்கொண்டது. அவள் பள்ளிக்கூடம் முடித்து, கல்லூரி முடித்து, இப்போது வேலைக்கும் போகிறாள். அவளுடைய கைப்பேசியில் என் பெயர் கள்ள மாமா. ஒருமுறை எனக்கு ஆபரேஷன் நடந்து மயக்கம் தெளிந்தபோது, "கள்ள மாமாவுக்குப் போதம் வந்தாச்சு" என்று அவள் உரக்கச் சொல்ல, பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி அவர் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மச்சான் ஒவ்வொரு தடவையும் இதைக் கேட்கிறார். ஒவ்வொரு தடவையும், "ஏட்டி, அப்படிச் சொல்லாத, அது அப்பா பண்ணின தப்பு" என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். சாக்குத் தொட்டி மாதிரி வாயை மூடிக்கொள்கிறார்.

சென்ற மாதம் ஜெனிக்கு நிச்சயம். மாப்பிள்ளை வீட்டார் நாகர்கோவில் பக்கம். பையனின் அப்பா ஓய்வுபெற்ற அதிகாரி. கஞ்சி போட்ட சட்டை, நிமிர்ந்த நடை. ஜெனி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நிறுத்தினாள்.

"அங்கிள், இதுதான் எங்க கள்ள மாமா."

அவர் நீட்டின கை பாதியில் நின்றது. நான் மச்சானைப் பார்த்தேன். இரண்டடி தூரத்தில்தான் நின்றார். தலை நரைத்துவிட்டது; நெற்றியில் சிரட்டை பட்ட அடையாளம்கூட இப்போது இல்லை. சொல்லிவிடுங்கள் மச்சான், இனி எனக்கும் உங்களுக்கும் எத்தனை விசேஷம் மிச்சம் இருக்கிறது என்று கண்ணாலேயே கேட்டேன். அவருக்குப் புரிந்தது. புரிந்தது என்று எனக்கும் தெரிந்தது. அவர் வாய் திறந்தது.

"அது ஒரு பெரிய கத, பொறவு சொல்லுதேன்" என்று சம்பந்தியிடம் சிரித்துவிட்டு, பந்தியைப் பார்க்கப் போய்விட்டார்.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமியார் என் முகத்தைப் பார்த்தார். "மக்கா, மொதல்ல செல்வின் மாப்பிளைக்கு விளம்புங்க" என்று பந்தலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "இல்லன்னா டிப்பரத் தட்டிருவாரு."

பந்தி முழுக்கச் சிரித்தது. எனக்கு முதலில் இலை போட்டார்கள். பக்கத்து இலை சம்பந்திக்கு. அவர் உட்காருவதற்கு முன்னால், என் பக்கம் இருந்த சட்டைப் பையிலிருந்து தன் பர்ஸை எடுத்து மறுபக்கப் பையில் வைத்துக்கொண்டார்.